அப்பவும் இப்படித்தான் பெய்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் பெரிய மழை ஒன்று ஓய்ந்த பிறகு, கோயில் மண்டபத்திலோ துக்க வீட்டிலோ நாலு பேர் கூடினால் ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார்: "எம்பத்தேழுல பெஞ்சதப் பாத்தா இதெல்லாம் ஒரு மழையா தம்பி? அப்பவும் இப்படித்தான் பெஞ்சுது." சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடும். இடிந்த சுவரை எப்படித் திரும்பக் கட்டுவது, அடைத்த வடிகாலை யார் திறப்பது என்ற கேள்விகள் எழாமலே போய்விடும்.

இந்த ஒரு பேச்சுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஐ.நா. பொதுச்சபையில் நின்று, காலநிலை மாற்றம் என்பது உலகத்தின் மீது நடத்தப்பட்ட மிகப்பெரிய மோசடி என்றார். அதைக் கேட்டு இவ்வளவு கலக்கம் வரவில்லை. அது பொய், மறுக்க அளவுகள் இருக்கின்றன. ஆனால் எண்பத்தேழைச் சொல்லும் பெரியவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறார். கண்டது உண்மை, அதிலிருந்து அவர் போய்ச் சேரும் முடிவு தவறு. இரண்டுக்கும் நடுவில் எங்கே வழி பிசகுகிறது என்று எடுத்துக் காட்டாமல் அவரோடு வாதாட முடியாது. அவரைக் காலநிலை மறுப்பாளர் என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவது மரியாதையும் இல்லை, பயனும் இல்லை.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தை முழுசாகக் கொடுத்துவிடுவோம். 1987 செப்டம்பர் கடைசி வாரத்தில் டர்பன் இருக்கும் நட்டால் கரையோரத்தில் ஐந்து நாள் விடாமல் கொட்டியது. சில இடங்களில் 800 மி.மீ.க்கு மேல். துகேலா ஆற்றின் மீதிருந்த ஜான் ராஸ் பாலம் அடித்துக்கொண்டு போனது. ஏறத்தாழ 400 பேர் மாண்டார்கள். அதற்கு முன்பு 1976 மார்ச்சில் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டின் தகரக் கொட்டகைகளில் இருந்த நம் மக்களை வெளியேற்றியது. 'டின் டவுன்' என்று பேர்போன அந்தக் குடியிருப்பிலிருந்து வந்தவர்களே டர்பனின் ஃபீனிக்ஸ் குடியிருப்பின் முதல் குடும்பங்கள். அதற்கும் முன்னால் 1917 அக்டோபரில் அதே ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளியில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த இந்தியக் குடும்பங்களை வெள்ளம் வாரிக்கொண்டு போனது. கடலில் வலை வீசிப் பிழைத்த ஆறு பேர் தங்கள் படகை ஆற்றுக்குள் இறக்கி 176 பேரை மீட்டார்கள். படவட்டான் அறுவர் என்று டர்பன் இன்னும் அவர்களை நினைவில் வைத்திருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1856 ஏப்ரலில் டர்பனில் மூன்று நாளில் பெய்த மழை 2022இல் பெய்ததைவிடக் கூடுதல் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் இந்தக் கரையைத் தொட்டது 1860 நவம்பரில். நம் முன்னோர் கரும்பு வெட்ட வருவதற்கு நாலு வருடம் முன்பே இங்கே பேய்மழை பெய்திருக்கிறது. பெரியவர் சொல்வது சரிதான். இது மழைக்குப் பெயர்போன கரை.

அப்படியானால் 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் புதிதாக என்ன நடந்தது? சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் பெய்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 40,000 பேர் வீடு வாசல் இல்லாமல் நின்றார்கள். டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, ஊரே மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தது. சாவைப் பொறுத்தவரை பதிவில் உள்ள வெள்ளங்களில் மிக மோசமானது இதுதான். மழையைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. சாவின் அளவையும் மழையின் அளவையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான், 'காலநிலை மாற்றம்' என்று ஒருவர் சொன்னதும் இன்னொருவர் 1987ஐத் தூக்கிப் போட்டு வாயை அடைக்க முடிகிறது.

நாற்பது இருபதான கணக்கு

ஒரு பெருமழையிலோ வெயிலிலோ காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் 'வேர்ல்ட் வெதர் அட்ரிப்யூஷன்' என்ற ஆய்வுக் குழு, வெள்ளம் வடிந்த ஒரு மாதத்தில் தன் கணக்கை வெளியிட்டது. அது போட்ட வழியைத் தெரிந்துகொள்வது நல்லது. தெரியாவிட்டால் விஞ்ஞானிகளின் பேச்சு ஆரூடம் மாதிரித்தான் கேட்கும். வட்டாரத்து மழைமானிகளின் நீண்ட காலப் பதிவை எடுக்கிறார்கள். ஒவ்வொரு வருடத்திலும் அடுத்தடுத்த இரண்டு நாளில் கொட்டிய மிக அதிக மழை எவ்வளவு என்று ஒரு வரிசை தயாரிக்கிறார்கள். அந்த வரிசை பூமியின் சராசரி வெப்பநிலை ஏற ஏற எப்படி நகர்கிறது என்று புள்ளியியல் வளைவு ஒன்றைப் பொருத்திப் பார்க்கிறார்கள். பிறகு தனியாக, கணினியில் ஓட்டும் காலநிலை மாதிரிகளில் இன்றைய உலகத்தையும் 1.2 டிகிரி குளிர்ந்த பழைய உலகத்தையும் ஓட்டி, இரண்டிலும் இதே அளவு மழை எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறார்கள். பதிவும் மாதிரியும் ஒரே திசையைக் காட்டினால்தான் முடிவு சொல்கிறார்கள். முடிவு இது: இப்படியொரு மழை பழைய உலகத்தில் சுமார் 40 வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடியது. இன்றைக்குச் சுமார் 20 வருடத்துக்கு ஒருமுறை. மழையின் அளவு 4 முதல் 8 சதவீதம் கூடியிருக்கிறது.

பெரியவருக்கான பதில் 40, 20 என்ற இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. 'இதற்கு முன் பெய்யவே இல்லை' என்று இவர்கள் சொல்லவில்லை. முன்பும் வந்ததுதான், இப்போது இரண்டு மடங்கு அடிக்கடி வரும் என்கிறார்கள். 1987ஐக் கண்ணால் பார்த்தவர் அதை மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பார்த்தது ஒரு மழை. மாறியிருப்பது மழைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. அதை எந்தத் தனிமனிதனின் ஆயுளும் கண்ணால் பார்த்து உணர முடியாது.

ஆனால் '20 வருடத்துக்கு ஒருமுறை' என்பதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2022இல் வந்துவிட்டது, இனி 2042 வரை நிம்மதி என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு என்று அர்த்தம். போன வருடம் வந்ததா இல்லையா என்பது அடுத்த வருடத்துக்குத் தெரியாது. இங்கே வீட்டுக்கடன் வழக்கமாக 20 வருடம். அந்தப் பாண்டை, அதாவது கடனை, கட்டி முடிக்கும் காலத்துக்குள் அப்படி ஒரு மழையை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 2.5 சதவீதமாக இருந்த உலகத்தில் 20 வருடத்தில் அது சுமார் 40 சதவீதம். 5 சதவீதமான உலகத்தில் சுமார் 64 சதவீதம். வீடு வாங்கும்போது 'அநேகமாக வராது' என்று இருந்தது, 'அநேகமாக வரும்' என்று ஆகிவிட்டது. பத்திரத்தில் கையெழுத்துப் போடும் குடும்பத்துக்கு இதை யாரும் சொல்வதில்லை. இந்த ஒரு திருப்பம்தான் என் கண்ணுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிசாகத் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். 2024 ஜூன் 3 அன்று டொங்காட்டைக் கிழித்துப்போட்ட சுழற்காற்றையும் இதே கணக்கில் எழுதிவிடக் கூடாது. சுழற்காற்று மிகச் சிறிய இடத்தில், மிகக் குறைந்த நேரத்தில் நடப்பது. நீண்ட காலப் பதிவு இல்லை. மாதிரிகளுக்கும் அது பிடிபடாது. மழை விஷயத்தில் உறுதியாகப் பேச முடிகிறது என்பதற்காக எல்லாவற்றிலும் அதே உறுதியோடு பேசினால், மறுப்பவர்களுக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம்.

எட்டு சதவீதம் என்ன செய்துவிடும்?

அடுத்து வரும் மறுப்பு இது: "வெறும் நாலுலேருந்து எட்டு சதவீதந்தானே?" நியாயமான கேள்வி. ஒரு டிகிரி சூட்டுக்குக் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். 2022இல் மேலைக்காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனியாக நின்ற தாழ்வழுத்தம் ஒன்று, அகுல்ஹாஸ் நீரோட்டத்தின் வெதுவெதுப்பான கடலிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையில் கொட்டியது. காற்றில் ஈரம் கொஞ்சம் கூடுதல், மழை கொஞ்சம் கூடுதல். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சம் தரைக்கு வந்த பிறகு கொஞ்சமாக இருப்பதில்லை.

280 மி.மீ. பெய்யும் மழையில் 150 மி.மீ.யை மண்ணும் புல்லும் குழிகளும் வாங்கிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 130 மி.மீ. ஓடி வருகிறது. அதே மழை 300 ஆகிறது, சுமார் 7 சதவீதம்தான் கூடுதல். மண் குடிப்பது கூடாது, அது ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ஓடி வருவது 150. வானத்தில் 7 சதவீதமாக இருந்தது ஓடையில் 15 சதவீதம் ஆகிவிட்டது. ஓடையில் நீர் கூடினால் வேகமும் கூடும். வேகம் கூடினால் அது உருட்டிக்கொண்டு வரும் மண், கல், மரக்கிளை, பழைய டயர் எல்லாம் அதைவிட அதிகமாகக் கூடும். சாலைக்கு அடியில் ஓடை கடந்துபோகும் மதகின் வாயை அடைப்பது தண்ணீர் அல்ல, இந்தச் சுமை. அடைத்த மதகுக்குப் பின்னால் குளம் கட்டுகிறது, சாலை மேடே அணையாகிறது, கடைசியில் அந்த மேடு உடைகிறது. உடைந்தால் கீழே இருப்பவர்களுக்குக் கிடைப்பது நிமிடங்கள்.

குழாய்க்குள் இருக்கும் வருடம்

ஒரு மழைநீர்க் குழாயின் விட்டத்தைப் பொறியாளர் எப்படித் தீர்மானிக்கிறார் என்று பார்த்தால், 'அப்பவும் இப்படித்தான்' என்ற பேச்சு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று புரியும். சிறிய பரப்புகளுக்கு மூன்று எண்கள் போதும்: தண்ணீர் வந்து சேரும் பரப்பு ஹெக்டேரில், மழையின் வேகம் மணிக்கு எத்தனை மி.மீ., விழுந்ததில் எத்தனை பங்கு ஓடி வரும் என்ற கெழு. மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை கனமீட்டர் என்று கிடைக்கும்.

டர்பனில் நம்மவர் வாழும் ஃபீனிக்ஸிலோ சாட்ஸ்வொர்த்திலோ சரிவில் இருக்கும் 10 ஹெக்டேர் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டிய காலத்தில் முற்றம் மண்ணாக இருந்தது, பின்னால் கறிவேப்பிலையும் முருங்கையும் மிளகாய்ப் பாத்தியும் இருந்தன. கெழு 0.6. மழை மணிக்கு 60 மி.மீ. பெருக்கி வகுத்தால் நொடிக்கு 1 கனமீட்டர். நூற்றுக்கு ஒன்று சரிவில் போட்ட 600 மி.மீ. கான்கிரீட் குழாய் சுமார் 0.6 கனமீட்டர்தான் தாங்கும், போதாது. 750 மி.மீ. குழாய் 1.1 தாங்கும். ஆகவே 750 போட்டார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு, கையில் பத்து சதவீதம் மிச்சமும் இருந்தது.

இப்போது அதே தெருவைப் பாருங்கள். இரண்டு கார் நிறுத்த முற்றம் முழுக்கச் சிமெண்டுக் கல் பாவியாகிவிட்டது. பின்னால் வாடகைக்கு ஒரு சின்ன வீடு எழும்பிவிட்டது. கெழு 0.75. குழாய்க்கு வருவது 1.25 கனமீட்டர். மழையின் வேகத்தில் 8 சதவீதம் கூட்டுங்கள், 1.35. குழாயோ அதே 1.1. அதுவும் சுத்தமாக இருந்தால். அடியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மணல் படிந்திருந்தால், தாங்குவதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மிச்சத் தண்ணீர் ஆள்நுழைகுழியின் இரும்பு மூடியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வரும். சாலை அதற்கு இரண்டாவது வடிகால். ஓரக்கல் தாழ்ந்த இடத்தில், அதாவது யாரோ கார் ஏற்றுவதற்காக இறக்கிக் கட்டிய வாசலில், அது உள்ளே திரும்பும். சாட்ஸ்வொர்த்தில் சாலைக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் வீடுகளே முதலில் மூழ்குவது ஏன் என்பதற்குக் காரணம் இவ்வளவுதான். வாசலில் குறுக்காக 100 முதல் 150 மி.மீ. உயரத்துக்கு ஒரு கான்கிரீட் திட்டு போட்டால் பெரும்பாலான மழைகளில் அந்தத் தண்ணீர் சாலையோடு போய்விடும். பலர் கார் அடிபடும் என்று போடுவதில்லை.

கூரைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைக்கும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சட்டப்படி தவறு, ஆனால் பக்கத்தில் இருக்கிறதே என்று கொத்தனார் சேர்த்துவிடுவார். 100 சதுர மீட்டர்க் கூரையில் 300 மி.மீ. மழை என்றால் 30,000 லிட்டர். கழிவுநீர்க் குழாய் அதற்காகப் போட்டதல்ல. அது நிரம்பி, சரிவின் கடைசி வீட்டுக் குளியலறை வழியாகத்தான் வெளியே வரும். மேலே இருப்பவர் செய்த இணைப்புக்குக் கீழே இருப்பவர் அனுபவிக்கிறார்.

இதில் முக்கியமான எண் மழையின் வேகம்தான். அது எங்கிருந்து வருகிறது? பழைய மழைமானிப் பதிவுகளிலிருந்து தயாரித்த வடிவமைப்பு அட்டவணையிலிருந்து. தென்னாப்பிரிக்காவில் பரவலாகப் பயன்படும் கணிப்பு முறை 2000களின் தொடக்கத்தில், அதுவரை இருந்த பதிவுகளை வைத்து உருவானது. சாட்ஸ்வொர்த்தின் குழாய்கள் 1960களில் அதற்கும் பழைய அட்டவணைப்படி போட்டவை. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு வருடம் இருக்கிறது. அந்த வருடம் வரைக்குமான வானத்தைத்தான் அந்தக் குழாய்க்குத் தெரியும். 'அப்பவும் இப்படித்தான் பெய்தது' என்று பெரியவர் வாயால் சொல்வதை, இந்த நகரம் கான்கிரீட்டில் ஊற்றிப் புதைத்து வைத்திருக்கிறது. பெரியவரின் பேச்சால் யாரும் சாவதில்லை. மாற்றாத அட்டவணையால் சாகிறார்கள்.

வெள்ளக்கோடும் இதே கதைதான். 1998ஆம் வருட தேசிய நீர்ச் சட்டத்தின் 144ஆம் பிரிவுப்படி, புதுக் குடியிருப்பு வரைபடத்தில் நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எதுவரை ஏறும் என்ற கோட்டைக் காட்டியாக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் கோட்டைக் காட்டுவது வேறு, காலாகாலத்தில் திரும்ப வரைவது வேறு. அந்த வெள்ளம் ஐம்பது வருடத்துக்கு ஒருமுறையாக மாறினால், 20 வருடக் கடன் காலத்துக்குள் கோடு வரை தண்ணீர் வரும் வாய்ப்பு 18 சதவீதத்திலிருந்து 33 ஆகும். தாளில் கோடு அசையாது. ஆற்றங்கரையில் அது ஏற்கெனவே நகர்ந்திருக்கும்.

சரிவில் நிற்கும் சுவர்

2022இல் ஆற்றில் அடித்துப் போனவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, மண் சரிந்து வீட்டோடு புதைந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டர்பனின் மலைமுகடுகளில் 'பெரியா' (Berea) என்ற செம்மணல் இருக்கிறது. பழைய மணல்மேடுகள் மக்கி உண்டான மண். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், கட்டுபவர்களுக்குத் தைரியம் கொடுக்கும். நனைந்து ஊறியதும் துகள்களைப் பிடித்திருந்த இழுப்பு போய்விடும். நின்ற சுவர் போலிருந்தது குழம்பாக இறங்கும்.

சரிவில் வீடு கட்டும்போது மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி மேடை போடுவார்கள். முறையாகச் செய்தால், பழைய சரிவைப் படிபடியாக வெட்டி, புல்லும் வேரும் நீக்கி, 150 மி.மீ. அடுக்காக மண் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். செலவு மிச்சம் என்று புல் மேலேயே மண்ணைக் கொட்டி, மேலே மட்டும் இடித்துவிடுகிறார்கள். அந்தப் புல் மக்கி வழுக்குத் தளமாகிறது. கூரையின் தண்ணீர்க் குழாயை அந்தப் புது மண்ணிலேயே விட்டுவிட்டால் ஒரு மழைக்காலம் போதும்.

அதைத் தாங்கிநிற்கும் சுவரின் கணக்கு இன்னும் பயங்கரம். 2 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் மண் காய்ந்திருந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 12 கிலோநியூட்டன் தள்ளும். பின்னால் தண்ணீர் மேல்வரை தேங்கினால் அது 26க்கு மேல் போகும். இரண்டு மடங்குக்கு மேல், அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீரின் தள்ளல். அதனால்தான் சுவரை இன்னும் தடியாகக் கட்டுவதைவிட, பின்னால் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது முக்கியம். சுவருக்குப் பின்னால் 300 மி.மீ. அகலத்துக்கு 19 மி.மீ. ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் பிடிம் (Bidim) துணி, அடியில் துளையிட்ட 110 மி.மீ. குழாய், சுவரின் அடிவரிசையில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு கசிவுத் துளை. துணியை விட்டுவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி நாலைந்து வருடத்தில் அடைத்துவிடும். கசிவுத் துளையில் தண்ணீர் வடிந்து சுவர் கறைபடுகிறதென்று சிமெண்டு வைத்துப் பூசிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பூசுவது சுவரின் உயிரை. பெருமழையில் ஒரு துளையிலும் தண்ணீர் வராமல் சுவர் மட்டும் ஈரமாக முன்பக்கம் வயிறு தள்ளினால், அன்றைக்கு ராத்திரி அதற்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது.

வானத்தைக் காட்டும் விரல்

அமெரிக்காவில் மறுப்பு வெளிப்படையாக இருக்கிறது. 2025 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகும் ஆணை. மார்ச்சில், தென்னாப்பிரிக்கா நிலக்கரியிலிருந்து விடுபட 2021இல் ஐரோப்பிய நாடுகளோடு சேர்ந்து அமெரிக்காவும் கொடுத்த 8.5 பில்லியன் டாலர் உறுதிமொழியிலிருந்து விலகல். மே மாதம், ஒரு பில்லியன் டாலருக்கு மேல் சேதம் விளைவித்த பேரிடர்களின் பட்டியலை இனிப் புதுப்பிப்பதில்லை என்று அவர்களின் கடல்-வளிமண்டலத் துறை அறிவித்தது. 1980லிருந்து எண்ணிவந்ததை நிறுத்திவிட்டார்கள். எண்ணாததைக் குறைந்துவிட்டது என்று சொல்வது சுலபம்.

இங்கே நிலைமை வேறு. 2022 ஏப்ரலில் அதிபர் ராமபோசா டர்பனுக்கு வந்து, இந்தப் பேரழிவு காலநிலை மாற்றத்தின் பங்கு என்றார். சரியாகத்தான் சொன்னார். 2011இல் உலகக் காலநிலை மாநாடு நடந்த ஊர் இது. அந்த மாநாடு தொடங்கும் முந்தின இரவே பெருமழையில் டர்பனில் உயிர்கள் போயின. 2024 ஜூலையில் காலநிலை மாற்றச் சட்டத்திலும் அவர் கையெழுத்திட்டார். வாயளவில் மறுப்பவர் யாரும் இல்லை. ஆனாலும் மின்சாரத்தில் ஐந்தில் நாலு பங்கு நிலக்கரியிலிருந்தே வருகிறது. கடலடியில் எண்ணெய் தேடுவதை எதிர்த்தவர்களை, 2021இல் அப்போதைய எரிசக்தி அமைச்சர் மந்தாஷே, விசேஷ ரக நிறவெறி, காலனியம் நடத்துகிறவர்கள் என்றார். மின்வெட்டில் தவித்த நாட்டில் நிலக்கரியை உடனே விட்டுவிடு என்று சொல்வது சுலபமில்லை, எனக்கும் தெரியும். சுரங்க ஊர்களில் வேலை போகும் குடும்பங்களின் பயமும் நியாயமானது. ஆனால் ஒரு கை வெள்ளத்துக்குக் காரணம் காட்டிக்கொண்டு இன்னொரு கை அதே காரணத்தை வளர்ப்பது, பெரியவரின் பேச்சைவிடப் பெரிய மறுப்பு.

அதைவிட எனக்குக் கோபம் வருவது, காலநிலை என்ற சொல்லையே கேடயமாகப் பிடிப்பதில். மழை எதிர்பாராதது, இயற்கையின் சீற்றம், உலகமே சூடாகிறது, நாங்கள் என்ன செய்வோம்? 20 வருடத்துக்கு ஒருமுறை வரும் மழையை எதிர்பாராதது என்று எந்த நகராட்சியும் சொல்ல முடியாது. 'அப்பவும் இப்படித்தான்' என்பவரும் 'எல்லாம் காலநிலை' என்பவரும் எதிரெதிராகத் தெரிகிறார்கள், ஆனால் இருவரும் வந்து நிற்கும் இடம் ஒன்றே: குழாயை யாரும் பெரிசாக்க வேண்டாம். நிறவெறி ஆட்சி நம்மைச் சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் கொண்டுபோய்த் தள்ளியது என்பது உண்மை. நம்மைவிட மோசமான இடத்தில், ஆற்றுப் படுகையிலேயே தகரக் குடிசைகளில் இருக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கு அது இன்னும் கொடிய உண்மை. நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள் அந்த உண்மையை எத்தனை காலம் பதிலாகச் சொல்லலாம்?

செய்ய முடியும் என்பதற்கு இதே நகரத்தில் சாட்சி இருக்கிறது. பால்மியட் ஆற்றங்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் குடியிருப்பில், பல்கலைக்கழகமும் நகராட்சியும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து வாட்ஸ்அப் வழியாக வெள்ள எச்சரிக்கை முறை ஒன்றை வளர்த்திருந்தார்கள். மேல்பகுதியில் மழை எவ்வளவு, ஆறு எவ்வளவு ஏறுகிறது என்ற செய்தி நேரே தெரிந்தவர் கைக்கு வரும், அவர் கதவைத் தட்டுவார். 2022இல் அது உயிர்களைக் காத்தது. மற்ற பல இடங்களில் வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்தும், அதைக் கேட்டு எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. எச்சரிக்கை நிறம் ஆரஞ்சா சிவப்பா என்பதைவிட, ராத்திரி பத்து மணிக்கு எந்தப் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்திருக்கும் என்பதே மக்களுக்கு வேண்டியது.

நம்மவர்கள் கோயில் குழுவிலும் குடியிருப்போர் சங்கத்திலும் கூடுகிறபோது, வார்டு கவுன்சிலரிடம் காலநிலை மாற்றத்தை நம்புகிறீர்களா என்று கேட்க வேண்டாம். நம்புகிறேன் என்பார், அதோடு முடிந்தது. நாலு கேள்வி கேளுங்கள். எங்கள் தெருக் குழாயின் விட்டம் என்ன, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் மழைக்கு அது போடப்பட்டது? புதிதாக மாற்றும் குழாய்களுக்கு எந்த வருடம் வரைக்குமான மழைப் பதிவை எடுக்கிறார்கள், சூடாகும் கடலுக்காக அதன் மேல் எத்தனை சதவீதம் கூட்டுகிறார்கள்? எங்கள் ஓடையின் வெள்ளக்கோடு கடைசியாக எப்போது வரையப்பட்டது? மதகுகளைக் கடைசியாக எந்தத் தேதியில் தூர்வாரினார்கள்? நாலாவது கேள்விக்குப் பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு தேதி இருக்க வேண்டும். இல்லையென்றால் வாயால் கேட்டுவிட்டு வராமல் மதகின் படத்தோடு எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். மழைக்காலம் அக்டோபரில் தொடங்குகிறது. தூர்வாரும் வண்டிக்கு வரிசை அதற்கு முன்பே நிரம்பிவிடும், ஆகவே மனு ஜூலைக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.